இடுப்பு வலி என்றால் எந்த இடுப்பு?

தமிழில் இடுப்பு என்ற சொல் பெரிய இடத்தை வளைத்துப் போட்டிருக்கிறது. பெல்ட் போடும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பில், முதுகின் அடிப்பகுதி பிடித்துக்கொண்டாலும் இடுப்புப் பிடிப்பு, பிரசவ வலியும் இடுப்பு வலிதான். அதனால் ‘இடுப்பு வலிக்குது டாக்டர்’ என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் இன்னும் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் கணக்கு. ‘எங்க வலிக்குது, கையை வச்சுக் காட்டுங்க’ என்று கேட்ட பிறகுதான் விஷயம் தொடங்குகிறது.

ஒருவரின் கை முதுகுக்குக் கீழே, பெல்ட் மட்டத்துக்குப் போகும். இன்னொருவர் தொடையின் பக்கவாட்டில், ஒருக்களித்துப் படுக்கும்போது மெத்தையில் அழுந்துமே, அந்த எலும்பைத் தட்டிக் காட்டுவார். மூன்றாமவர் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, தொடையின் மேற்பகுதியை அப்படியே கவ்விப் பிடித்து, ‘உள்ளே எங்கேயோ’ என்பார். மூவரும் சொன்னது ஒரே சொல். வந்திருப்பது பெரும்பாலும் மூன்று வேறு கோளாறு. கை போகும் இடத்தைக் கவனிக்காமல் நேராக ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால், அங்கேயே வழி தவறிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இடுப்பு மூட்டு உண்மையில் இருப்பது தொடை இடுக்கின் ஆழத்தில். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து; இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, குக்கர் மூடியின் வாஷர் மாதிரி, லேப்ரம் என்ற வளையம் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் தடித்த உறை, தசைநார்கள், அதற்கும் மேல் உடம்பின் மிகப் பெரிய தசைகள். இத்தனை அடுக்குக்கு உள்ளே இருக்கும் மூட்டை விரலால் அழுத்தித் தொடுவது முடியாத காரியம். ‘இங்க அழுத்தினா வலிக்குது’ என்று மேலாகச் சுட்டிக்காட்ட முடிகிற வலி, பெரும்பாலும் மூட்டின் வலியே இல்லை.

மூட்டுக்குள் கோளாறு என்றால் வலி முன்பக்கம், தொடை இடுக்கில் வரும். சாக்ஸ் போடுவது, கால் நகம் வெட்டுவது, காரில் ஏறி இறங்குவது எல்லாம் சிரமமாகும். பக்கவாட்டு வலி என்றால், பிட்டத் தசைகள் எலும்பில் வந்து ஒட்டும் தசைநாண்களைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் என்றால் முதல் சந்தேகம் முதுகெலும்பின் மேல். அந்த வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஷாக் அடித்த மாதிரி ஓடினால், கூடவே மரமரப்பும் இருந்தால், சந்தேகம் இன்னும் வலுக்கும். தொடையின் வெளிப்பக்கத் தோல் மட்டும் எரிந்து மரத்துப்போகிறதா? இறுக்கமான பெல்ட்டோ, கூடிப்போன தொப்பையோ ஒரு தோல் நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கலாம். பெல்ட்டைத் தளர்த்தியதுமே பலருக்குத் தணிந்துவிடுகிறது.

இந்த வரைபடத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் பொதுவானவை. அதனால் இடுப்பில் இருக்கும் கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே தலைகாட்டலாம். என் சித்தப்பா ஒன்றரை வருடம் முழங்கால் வலி என்று அலைந்தார். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்கு உறை, முழங்காலுக்குள் ஊசி. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட், அவர் சம்மணம் போட முடியாமல் கால் நீட்டி உட்காருவதைப் பார்த்துவிட்டு, தொடையைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இடுப்பு மூட்டு முழுதாகத் தேய்ந்திருந்தது. முழங்கால் நன்றாக இருந்தது. முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்பையும் ஒரு முறை அசைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை யாரும் செலவழிக்காமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தச் சோதனை இப்படித்தான். மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்குத்தாக மடக்குவார்கள். பிறகு முழங்காலை அப்படியே பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோவார்கள். பாதம் வெளியே போகப் போக, பந்து கிண்ணத்துக்குள் உள்நோக்கித் திரும்பும். நலமான மூட்டில் இது சுமார் 30 டிகிரியோ அதற்கு மேலோ போகும். தேய்மானம் தொடங்கிய மூட்டில் பெரும்பாலும் முதலில் பறிபோவது இந்த அசைவுதான். பாதம் கொஞ்சம் நகர்ந்ததுமே தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும், சில சமயம் பிட்டமே படுக்கையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை குறையும். இன்னொரு சோதனை, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வது. ஜெர்மன் அறுவை மருத்துவர் பிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்தது. நிற்கும் காலின் பிட்டத் தசை பலவீனமாக இருந்தால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரிந்து இறங்கும். கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனை 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் மருத்துவர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

சரி, படங்கள்? முதலில் எடுக்க வேண்டியது இரண்டு இடுப்பும் ஒன்றாகத் தெரியும் சாதாரண எக்ஸ்ரே. தேய்மானம், முறிவு, கிண்ணத்தின் ஆழக் குறைவு என்று நிறைய விஷயங்களை அது சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்: எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு, ரத்த ஓட்டம் குறைந்து சாகும் எலும்பு, கட்டி, கிருமித்தொற்று. காரணமில்லாமல் எடுத்தால் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு லேப்ரத்தில் கிழிசல் தெரிகிறது. படத்தில் கிழிசல் இருக்கிறது, உடம்பில் வலி இருக்கிறது. இதனால்தான் அது என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பது நல்ல வழி. வலி சில மணி நேரம் அடங்கினால் மூட்டுதான் காரணம் என்று நம்பலாம்.

இப்போது பக்கவாட்டு வலிக்கு வருவோம். பலரும் வருடக்கணக்கில் சுமக்கும் வலி இது. 40 முதல் 60 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு மிக அதிகம். அந்தப் பக்கம் படுக்க முடியாது, மாடிப்படி ஏறும்போது வலிக்கும். முன்பெல்லாம் எலும்புக்கும் தசைக்கும் இடையில் இருக்கும் நீர்ப்பை வீங்கிவிட்டது என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு உண்மையான சிக்கல் பிட்டத் தசைநாண் நைந்திருப்பதுதான் என்று பிறகு தெளிவானது. இது சிகிச்சையையே மாற்றுகிறது. தசைநாணுக்கு ஒத்துக்கொள்ளாதது எலும்பின் மேல் அழுந்துவது. கால்மேல் கால் போட்டு உட்காரும்போதும், ஒரு காலில் எடையைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டு நிற்கும்போதும், ஒருக்களித்துப் படுத்து மேல் காலை முன்னால் சரியவிடும்போதும் அது அழுந்துகிறது. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்தாலே இரவு எளிதாகும். வலிக்கும் இடத்தை நன்றாக இழுத்துவிட வேண்டும் என்று பலரும் தொடையின் வெளிப்பக்கத்தை நீட்டி நீட்டிப் பயிற்சி செய்கிறார்கள். அது அதே அழுத்தத்தைக் கூட்டுவதுதான், விட்டுவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இந்த விளக்கங்களோடு படிப்படியான தசைப் பயிற்சி செய்தவர்களில் 8 வாரத்தில் சுமார் 77 சதவீதம் பேர் நன்கு தேறியிருந்தார்கள். ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58 சதவீதம். சும்மா பொறுத்திருந்தவர்களில் 29 சதவீதம். ஊசிக்கு நான் எதிரி இல்லை, தூங்கவே முடியாதவருக்கு அது கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கும். ஆனால் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்காமல் ஊசி மட்டும் போடுவது பாதி வைத்தியம்.

மூட்டுத் தேய்மானத்துக்கும் முதல் மருந்து அசைவுதான். ‘தேய்ந்துபோச்சு, இனி நடக்காதீங்க’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடக்காமல் இருந்தால் தசை மெலியும், மெலிந்த தசை மூட்டின் மேல் சுமையைத் தள்ளும், வலி கூடும். எடை அதிகமாக இருப்பவர் கொஞ்சம் குறைத்தாலும் மூட்டுக்கு அந்த லாபம் பெருகிச் சேரும், ஏனென்றால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மூட்டு தாங்குவது உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. அப்புறம் கைத்தடி. இதைப் பலர் தப்பான கையில் பிடிக்கிறார்கள். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாயாமல் உடம்பைப் பிடித்து நிறுத்துவது வலது பிட்டத் தசை. அது மூட்டுக்கு மிக அருகிலிருந்து இழுப்பதால் எடையைவிட அதிக விசையோடு இழுத்தாக வேண்டும். அந்த விசை முழுவதும் மூட்டின் மேல்தான் விழுகிறது. இடது கையில் தடி ஊன்றினால் தசையின் வேலையில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் குட்டையான துலாக்கோலின் கணக்குதான் இது. ஊன்றுவதில் வெட்கம் எதற்கு, அது மருந்து மாதிரி.

வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை. அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் கேட்கும், ஆனால் சிறுநீரகம், வயிற்றுப்புண், இதய நோய் இருப்பவர்கள் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்து, நடை சுருங்கி, இதெல்லாம் செய்தும் தீராதபோது மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயங்க வேண்டியதில்லை. இன்று செய்யப்படும் அறுவை சிகிச்சைக்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்த ஜான் சார்ன்லி. முதலில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். சில வருடங்களில் அது தேய்ந்து, துகள்களைச் சுற்றித் திசு வீங்கி, நோயாளிகளுக்கு மறுபடி அறுவை செய்ய வேண்டி வந்தது. அடுத்த பொருளான பாலிஎத்திலீனைக் கையில் எடுத்தபோது, இரண்டு பொருளின் துகள்களையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு உடம்பு எதை ஏற்கிறது என்று பார்த்தார். டெஃப்லான் செலுத்திய இடம் கட்டியாக எழும்பியது. 1962இல் பாலிஎத்திலீன் கிண்ணம் வந்தது. இன்றைய கணக்கில் மாற்று மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 ஆண்டுகள் வரை தாங்குகின்றன. 70 வயதில் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் வரும். 45 வயதில் செய்துகொள்பவர் இரண்டாவது அறுவையையும் கணக்கில் வைக்க வேண்டும். கிருமித்தொற்று, ரத்தக்கட்டி, பந்து நழுவுவது ஆகிய ஆபத்துகள் குறைவு, ஆனால் உண்டு.

45 வயதுக்காரருக்கு எதற்கு மூட்டு மாற்று என்று தோன்றலாம். பல சமயம் காரணம் ஏவிஎன் என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் கோளாறு: பந்துக்குப் போகும் ரத்தம் நின்று எலும்பு செத்துப்போவது. அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், நிறைய மது குடிப்பவர்கள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள், முன்பு மூட்டு விலகியோ முறிந்தோ போனவர்கள் ஆகியோருக்கு வரும். 2003இல் சார்ஸ் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்றப்பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் இது வந்தது. இங்கே காலம்தான் எல்லாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பந்தைக் காப்பாற்ற முயலலாம். பந்து நொறுங்கித் தட்டையான பிறகு அந்த வாய்ப்பு போய்விடும். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கத்தையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வருவது சகஜம். ஸ்டீராய்டு எடுத்த கதை ஒருவருக்கு இருந்து, தொடை இடுக்கில் வலியும் இருந்தால், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற வரியோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இளைஞர்களிடம் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, பந்துக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் எலும்புக் கழுத்தோ கிண்ணத்தின் விளிம்போ சற்றுத் துருத்தி, மடக்கும்போது ஒன்றோடொன்று முட்டுவது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவும் 2003இல் இதைத் தேய்மானத்துக்கு ஒரு காரணமாக விளக்கினார்கள். முதலில் பயிற்சி, ஆழமாகக் குந்துவதைக் கொஞ்ச காலம் தவிர்ப்பது. தீராதவர்களுக்குத் துளைவழி அறுவை. இரண்டாவது, தொடை எலும்பின் கழுத்தில் விழும் மயிரிழை விரிசல். திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவர்கள், ராணுவப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சரியாகச் சாப்பிடாமல் ஓடி மாதவிடாய் நின்றுபோன பெண்கள் ஆகியோருக்கு வரும். தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடிக்கொண்டேயிருந்தால், கழுத்தின் மேற்பக்க விரிசல் முழு முறிவாகிவிடலாம். ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் கூடுகிறது என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மற்றபடி தொடைத் தசை இழுத்துக்கொள்வது, இடுப்பில் ‘டக்’ என்று சத்தம் கேட்பது எல்லாம் ஓய்வும் படிப்படியான பயிற்சியும் பார்த்துக்கொள்ளும்.

குழந்தைகளின் இடுப்பு தனி உலகம். பிறந்த குழந்தையின் கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தால் பந்து நழுவும். பிறந்த சில நாட்களிலேயே தொடைகளை விரித்தும் அழுத்தியும் பார்க்கும் இரண்டு சோதனைகள் உண்டு: ஒன்று இத்தாலியின் ஓர்டோலானி 1937இல் சொன்னது, மற்றது இங்கிலாந்தின் பார்லோ 1962இல் சொன்னது. பிட்டமோ காலோ முதலில் வெளிவரும் நிலையில் இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இது இருந்த குழந்தைக்கும் அல்ட்ராசவுண்டு எடுப்பது நல்லது. முதல் மாதங்களில் கண்டுபிடித்தால் பாவ்லிக் என்ற வார்ப்பட்டையை மாட்டித் தவளைக்கால் நிலையில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்; நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் அறுவை வரை போகும். கால்களை நேராக நீட்டி இறுக்கமாகச் சுற்றிக் கட்டுவது இந்த மூட்டுக்குக் கெடுதல். தொடை மடங்கி விரிய இடம் விட்டே சுற்ற வேண்டும்.

பெரிய குழந்தை நொண்டினால்? காய்ச்சலோடு நொண்டி, காலை ஊன்றவே மறுத்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டிய அவசரம் அது. சளி பிடித்த பிறகு சில நாள் நொண்டி, காய்ச்சலில்லாமல் தானாகத் தேறும் சாதாரண மூட்டழற்சியும் உண்டு, ஆனால் அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும். 10 முதல் 16 வயதுக்குள், சற்றுப் பருமனான பிள்ளை வாரக்கணக்கில் முழங்கால் வலி என்கிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நடக்கிறது என்றால் தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டில் பந்து நழுவிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உறுதியானால் நடக்க விடாமல் படுக்க வைத்து, திருகாணி போட்டு நிறுத்துவார்கள். முழங்கால் வலி என்ற அந்தப் பழைய பொறிதான் இங்கேயும் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் விழுந்தால். குளியலறையிலோ இரவில் கட்டிலை விட்டு எழும்போதோ லேசாகத்தான் விழுந்திருப்பார்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். காலை நேராக்கவோ தூக்கி நிறுத்தவோ கூடாது. எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது; முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் நொண்டி நொண்டி நடப்பவர்களும் உண்டு. விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி போகவில்லை, எக்ஸ்ரே சுத்தம் என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

எந்த அறுவை என்பது ரத்தக்குழாயைப் பொறுத்தது. பந்துக்கு ரத்தம் போவது பெரும்பாலும் கழுத்தை ஒட்டி ஏறும் சின்னக் குழாய்கள் வழியாக. கழுத்து முறிந்து விலகிவிட்டால் அந்தக் குழாய்களும் அறுந்திருக்கும், பந்து பிழைக்காது. அதனால் பெரியவர்களுக்குப் பந்தையோ முழு மூட்டையோ மாற்றிவிடுவார்கள். விலகாத முறிவுக்குத் திருகாணிகள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டம் தப்பிவிடும், ஆணியோ தகடோ வைத்துச் சேர்க்கலாம். ‘வயசாயிடுச்சு, அறுவை எல்லாம் வேண்டாம்’ என்று படுக்க வைப்பதில் வரும் ஆபத்து அறுவையின் ஆபத்தைவிடப் பெரும்பாலும் பெரியது. நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டி, மூளைக் குழப்பம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 20 முதல் 30 சதவீதம் என்று பல நாடுகளின் கணக்கு சொல்கிறது. அதனால்தான் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது என்று அவசரப்படுகிறார்கள். அறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் தொடை நரம்பை மரக்கவைக்கும் ஊசியைக் கேட்டுப் பெறலாம். வலி குறைந்தால் மூளைக் குழப்பமும் குறைகிறது.

அப்புறம் ஒன்று நடக்கிறது, அதாவது நடக்காமல் போகிறது. முறிவைச் சரிசெய்து, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் அந்த எலும்பு ஏற்கெனவே புரையோடிப் போயிருந்தது என்று அர்த்தம்; மறுபக்க இடுப்பும் அதே எலும்புதான். இருந்தும் பலருக்கு எலும்புப்புரைக்கான மருந்து எழுதப்படுவதே இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் மருந்துப் பட்டியலைப் படியுங்கள். கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் இருந்தால் நில்லுங்கள், ‘எலும்பு மறுபடி முறியாம இருக்க மருந்து எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?’ என்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ தலைசுற்றலைக் கொடுத்து விழ வைத்ததா, கண்புரை இருக்கிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதையும் அன்றே பேசிவிட்டு வாருங்கள்.